அடித்தவன் பெயர்

உப்பளத்தில் உப்பு வாரிய இலங்காமணி ஆசான், முதலாளியின் அடியாட்களைத் தடுக்க உண்டாக்கிய சிலம்ப முறைக்கு அளத்தடி என்று பெயர். வாரிசு யாரென்று சொல்லாமலே அவர் இறந்தார். அவருடைய சிலம்பக் களத்தைக் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். தீர்ப்புச் சொல்லப் பழைய தொழிற்சங்கத் தலைவர் தவசிக்கனியைப் பிடித்தார்கள். தொழிலாளி ரத்தம் சிந்தி வென்ற போராட்டங்களுக்கெல்லாம் வேறெவனோ மாலை வாங்கிக்கொண்டதைப் பார்த்தவர் அவர். வாரிசு என்ற சொல்லே அவருக்கு அலுத்துவிட்டது.

"வணக்கம் போட்டுக் கம்பை எடுங்க, பாப்போம்" என்றார்.

கம்பெடுப்பவர், வித்தை தமக்கு வந்த வழியைப் பெயர் சொல்லி வணங்க வேண்டும் என்பது அளத்தடியின் சட்டம்.

"எங்கப்பா இலங்காமணி" என்றான் மகன் லிங்கதுரை. முதல் சுற்றிலேயே கம்பு கைநழுவி விழுந்தது.

"என் ஆசான் இலங்காமணி" என்றான் தலைமைச் சீடன் பேச்சிராஜ். கம்பு காற்றைக் கிழித்தது. அளத்தடியை முழுதாக அறிந்தவன் அவன் ஒருவனே. வேலைநிறுத்தத்தின்போது முதலாளியிடம் கூலி வாங்கிக்கொண்டு, அதே வித்தையால் தவசிக்கனியின் முழங்காலை உடைத்தவனும் அவனே.

மூன்றாவது ஆள் எஸ்தர்கனி. ஆசான் அவளுக்கு எதுவும் கற்பிக்கவில்லை. அந்த வேலைநிறுத்தத்தில் பேச்சிராஜிடம் அடிபட்டவள். ஒவ்வோர் அடியும் எப்படி வந்தது என்பதை உடம்பிலேயே குறித்துக்கொண்டாள். காயம் ஆறியதும் அதையே வீசிப் பழகி, அளத்துப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள். களம் கைவிட்டுப் போனால் அவர்கள் பழக வேறு இடமில்லை.

பேச்சிராஜ் சிரித்தான். "யக்கா, ஒனக்கு எந்த ஆசான் சொல்லிக் குடுத்தாரு?"

"இலங்காமணின்னு மட்டும் சொல்லிரு தாயி" என்று கூட்டத்தில் ஒருத்தி கிசுகிசுத்தாள்.

எஸ்தர்கனி தரையைத் தொட்டு வணங்கினாள். "இலங்காமணி ஆசான். அவருகிட்டக் கத்துக்கிட்டு, கூலிக்கு என்னை அடிச்ச பேச்சிராஜ்."

தவசிக்கனி முழங்காலைத் தடவிக்கொண்டார். பேச்சிராஜைத் தள்ளினால் கிழவன் பழிவாங்கினான் என்பார்கள். எஸ்தர்கனியை ஏற்றால் அவன் பெயரும் பரம்பரையில் நின்றுவிடும்.

நீங்கள் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் களத்தை யாருக்குக் கொடுப்பீர்கள்?

விடை: எஸ்தர்கனிக்கு. லிங்கதுரை சொன்னது அப்பன் பெயர். வித்தை அவனுக்கு வரவே இல்லை. பேச்சிராஜ் ஆசானின் பெயரைச் சொன்னான். அவர் வித்தையை யாருக்கு விற்றான் என்பதைச் சொல்லவில்லை. தனக்கு வலிக்கிற பெயரையும் ஒளிக்காதவள் அவள்தான். தவசிக்கனி அப்படியே தீர்ப்புச் சொன்னார். இன்று கம்பெடுக்கும் ஒவ்வொரு பெண்ணும் அந்த வணக்கத்தை உரக்கச் சொல்கிறாள். கோயில் கொடை விழாவன்று ஊரே அதைக் கேட்டது. மறுநாள் பேச்சிராஜ் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, எம்பேரை எடுத்துரச் சொல்லுங்க."

"பரம்பரையில எடம் வேணும்னு நீதானல கேட்ட?" என்றார் தவசிக்கனி, களைப்போடு.