நாய் கேட்காமல் விட்ட கேள்வி

அந்தக் காலத்தில் நாய்கள் குரைக்காது. நம்மைப் போலவே பேசும். காக்கசஸ் மலையடியில், கபர்தா மக்களின் ஊரில், குவாஷா என்ற பெண்ணின் வீட்டு நாயும் ஓயாமல் பேசும்.

அந்த மக்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. விருந்தாளியை யார் நீ, எதற்காக வந்தாய் என்று கேட்கவே கூடாது. அவராகச் சொன்னால் சரி. கேட்பது வீட்டுக்கே இழுக்கு.

ஒருநாள் குதிரையில் ஒருவன் வந்தான். குவாஷா ஆட்டுக்கறியும் தினைக்களியும் வைத்து உபசரித்தாள். அவனோ சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஊற்று, கணவாய், குதிரை மேயும் இடம் என்று எல்லாவற்றையும் நோட்டம் விட்டான்.

"அம்மா, இவன் முழியே சரியில்ல. எதுக்கு வந்தான்னு நான் கேக்கட்டுமா?" என்றது நாய்.

"வாயை மூடு! வீடு தேடி வந்தவரைக் கேள்வி கேட்டு என் மானத்தை வாங்காதே," என்று குவாஷா அதட்டினாள். நாய் அடங்கிவிட்டது.

பனி உருகியதும் அவன் படையோடு திரும்பி வந்தான். ஊற்றைப் பிடித்தான், கணவாயை அடைத்தான். "இந்த நிலம் இனி எங்கள் அரசருடையது. எல்லோரும் கடலுக்கு அந்தப் பக்கம் போங்கள்," என்றான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

குவாஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் கையால சாப்பிட்டவன்டா நீ!"

"எதற்கு வந்தாய் என்று நீ கேட்கவே இல்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்," என்று சிரித்தான் அந்தப் பாவி. உபசரித்தவள் மேலேயே பழியைப் போட்டுவிட்டான்.

வீடுகளைக் கொளுத்தினார்கள். ஊரையே கடற்கரைக்கு ஓட்டிப் போனார்கள். வழியில் செத்தவர்களைப் புதைக்கக்கூட விடவில்லை. படகில் நாய்க்கு இடமில்லை என்று எட்டி உதைத்தார்கள்.

படகு நகர்ந்தபோது குவாஷா எழுந்து நின்று கத்தினாள். "உன் வாயை அடைச்சது என் தப்பு! இனிமே எவன் வந்தாலும் கேளு! அதட்டினாலும் கேளு!"

நாய் கேட்டது. கரையில் நின்ற ஒவ்வொரு சிப்பாயிடமும், "யார் நீ? எதுக்கு வந்தே?" என்று கத்தியது. ஒருவனும் பதில் சொல்லவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கிழிந்து, சொற்கள் போய், சத்தம் மட்டும் மிஞ்சியது.

அன்று முதல்தான் வாசலில் புது ஆள் வந்தால் நாய் குரைக்கிறது. நாம் "சும்மா இரு" என்கிறோம். அது இருப்பதில்லை. ஏனென்றால் அதன் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.