நாடா மடிப்பு

"பாவாடை நாடா நுழையிற மடிப்பைத்தான் சார் முதல்ல பாத்தேன்"னு சொன்னா ஜெபக்கனி. "பவுடர் டப்பா, எண்ணெய் பாட்டில், எதையும் தொடவே இல்ல."

தவமணி வாத்தியாரு முருங்கைக்கீரை உருவிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தாரு. மாத்திரை, ஊசிப் பழக்கத்துல இருந்து மீண்டு வர்ற பொம்பளைங்களுக்கான அந்த வீட்டை நடத்துறவர் அவர்தான். பாடம்னு ஒண்ணும் நடத்துனதில்ல. அதனாலேயே வாத்தியாருன்னு பேரு வச்சாங்களோ என்னவோ.

புதுசா வர்றவ பையை அந்த வீட்டுல வேலை பாக்குறவங்க சோதிக்க மாட்டாங்க. அங்கேயே இருந்து தேறுனவ ஒருத்திதான் பிரிச்சுப் பாக்கணும். பிரிச்சவளே எல்லாத்தையும் மடிச்சும் வைக்கணும். இன்னிக்கு அந்த முறை ஜெபக்கனிக்கு. வந்தவ பேரு வேணி. பையைப் பிரிக்கறப்ப பக்கத்துலேயேதான் உக்காந்திருந்தா, ஆனா வந்ததுல இருந்து யாருகிட்டயும் வாயே திறக்கல.

"மாத்திரை இருந்துச்சா?"

"இருந்துச்சு. நர்ஸ் வேலை பாத்தப்ப நான் எப்படித் தச்சு வப்பேனோ, அதே தையல்."

"அப்புறம்?"

"ஆபீஸ்ல கொடுத்துட்டு இங்க வந்துட்டேன்."

"சரி."

"என்ன சார் சரி? கை தானா அங்க போகுது. நான் இங்க சேந்தப்ப டாக்டரம்மா கேள்வி கேட்டு டெஸ்ட் எடுத்தாங்கல்ல. மறைக்கிற சுபாவம், சந்தேகப்படுற சுபாவம்னு சொன்னாங்க. மாத்திரைதான் அப்படிப் பண்ணுது, விட்டா போயிரும்னு நெனச்சேன். மாத்திரை போயிருச்சு. கள்ளி உள்ளேயேதான் உக்காந்திருக்கா."

வாத்தியாரு ஒரு கொத்துக் கீரையை அவ பக்கம் தள்ளுனாரு. அவளும் உருவ ஆரம்பிச்சா.

"நாளைக்கு எம்பொண்ணு என்னைக் கூட்டிட்டுப் போக வர்றா. வர வேணாம்னு போன் பண்ணிருங்க சார். இந்தக் கள்ளியை அவ வீட்டுக்குக் கொண்டுபோக நான் விரும்பல."

"பண்ணலாம். துணியை மடிச்சு வச்சியா?"

ஜெபக்கனி முழிச்சா. "இல்ல. அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்."

"ம். அந்த ரூம்ல இருந்து ஆபீசுக்கு எந்த வழியா போன?"

"வராண்டா வழியா."

"நடுவுல ஒரு பாத்ரூம் இருக்குமே."

"இருக்கு."

"தாழ்ப்பாள்கூட நல்லா விழும். போன வாரம்தான் மாத்துனேன்."

ஜெபக்கனி கை அப்படியே நின்னுச்சு.

"சார், மாத்திரை என் கையிலதான் இருந்துச்சு."

"ஆமா."

"வராண்டாவுல யாரும் பாக்கல."

"பாத்திருக்க மாட்டாங்க."

"அங்க பாத்ரூம் இருக்குங்கறதே எனக்குத் தோணல சார்."

"கீரையில காம்பு வருது. பாத்து உருவு."

அவ குனிஞ்சு காம்பைப் பொறுக்குனா. நெஞ்சுல காலையில இருந்து கட்டிப் போட்டிருந்த ஏதோ ஒண்ணு நழுவி இறங்குன மாதிரி இருந்துச்சு. மூக்கை முந்தானையில தொடச்சுக்கிட்டா.

"அப்ப கண்டுபுடிச்சது யாரு சார்? கொண்டுபோய்க் கொடுத்தது யாரு? இதுல நான் யாரு?"

வாத்தியாரு பதில் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள உள்ளேருந்து வேணியோட குரல் வந்துச்சு.

"ஏ கள்ளி அக்கா! எங்க அம்மாவே கண்டுபுடிக்கல. நீயும் அங்கதான வச்சிருப்ப? துணியெல்லாம் எறைச்சுப் போட்டுட்டு எங்க போயிட்ட? நீ வந்தாத்தான் சாப்பிடுவேன்."

ஜெபக்கனிக்குச் சிரிப்பு வந்துருச்சு. "கேட்டீங்களா சார், பேரே வச்சுட்டா."

"உன் பேரு அவளுக்கு எப்படித் தெரியும்? நீதான் சொல்லாம ஓடி வந்துட்டியே."

அவ எந்திரிச்சு மடியில கிடந்த இலையைத் தட்டிவிட்டா.

"போன் வேணாம் சார். பொண்ணு வரட்டும்."

"வரட்டும். நீ போய்ப் பேரைச் சொல்லிட்டு, துணியை மடி."

"கள்ளி அக்கா!" மறுபடியும் குரல் வந்துச்சு.

"இந்தா வர்றேன்"னு ஜெபக்கனி உள்ள போனா.