திவானின் ஒரு விரல் டயர்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் சைக்கிள் கடை மரியசூசை. என் மூத்தவன் படிப்பு முடித்த வருடம், தைப்பூசத்துக்கு முந்தின நாள், பங்க்சர் ஒட்டிக்கொண்டே சொன்னார். ஆண்டவன் அவரை நன்றாக வைத்திருக்கட்டும்.

பூங்குன்றூர் என்று ஒரு சமஸ்தானம். ராஜா பேர் விஜயகேசரி. அந்த வம்சத்தில் ஒரு வழக்கம். தைப்பூசத்தன்று ஐந்து மைல் தள்ளியிருக்கிற முருகன் கோயிலுக்கு ராஜா தானே ஒரு செம்பு பால் கொண்டுபோக வேண்டும். செம்புக்குள் ஒரு கோடு கீறியிருக்கும். பால் சிந்தி அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் வழியில் நிரப்பக் கூடாது. அரண்மனைக்கே திரும்பி, புதுப் பால் ஊற்றி, முதலிலிருந்து கிளம்ப வேண்டும்.

அவர் அப்பா குதிரையில் போனார். இவருக்குச் சைக்கிள் பைத்தியம். போன வருடம் சைக்கிளில் கிளம்பி மூன்று தடவை திரும்பி வந்தார். காலைப் பூசைக்குரிய பால் சாயங்காலம் போய்ச் சேர்ந்தது. அப்புறம் ஒரு வாரம், சிம்மாசனத்தில் தலையணை போட்டுத்தான் உட்கார்ந்தார்.

இந்த வருடம் பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சைக்கிளைச் சபை நடுவில் நிறுத்திக் கேட்டார். "என் சைக்கிளுக்கு என்ன குறை?"

திவான் கஜேந்திர பூபதி எழுந்தார். சமஸ்தானத்துக் கஜானா, ரோடு, லாயம் எல்லாம் அவர் கையில். ஆனால் வாசலைத் தாண்டினால் பல்லக்குதான். சைக்கிள் விடுவதெல்லாம் அரண்மனைச் சலவைக்கல் முற்றத்தில்.

"டயர் இன்னும் ஒல்லியாக வேண்டும் மகாராஜா. ஒரு விரல் அகலம் போதும். காற்றைக் கல்லு மாதிரி அடிக்க வேண்டும். பட்டணத்தில் பந்தயக்காரர்கள் எல்லாம் அப்படித்தான்."

மூலையில் உட்கார்ந்திருந்த சபை விகடகவி ஏகாம்பரம் மெதுவாக எழுந்தார். சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற போர்க்குக்கு நடுவில் விரலை விட்டு இடைவெளி பார்த்தார். "இரண்டு விரல் டயர் தாராளமாகப் போகும். அதைப் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்தே அடிக்கலாம்."

திவான் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஓய் ஏகாம்பரம், அது பால்காரன் டயர். பின்னால் இரண்டு கேனையும் கட்டிவிடட்டுமா?"

"பால்தானே ஐயா கொண்டுபோகிறோம்?"

சபை சிரித்தது. திவானுக்கு முகம் கறுத்தது. "மகாராஜா, பூசத்துக்கு முந்தின நாள் நாங்கள் இரண்டு பேரும் பாலோடு போய்ப் பார்க்கிறோம். இவர் தோற்றால் இந்தச் சபையில் இவருக்கு இடம் கிடையாது. என் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு இருக்கட்டும்."

ராஜா தலையாட்டினார். ஏகாம்பரத்துக்கோ அது இருபது வருடம் உட்கார்ந்த இடம். முருகா, இந்த மனுஷன் சைக்கிள் முன்னால் என்னைத் துணியும் கையுமாக நிறுத்திவிடாதே என்று வேண்டிக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. ராஜா முன்னாடியே போய்க் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டார். அரண்மனை வாசலில் ஏகாம்பரம் பெடலில் கால் வைப்பதற்குள் திவான் விர்ரென்று கடந்து போனார்.

"கோயிலில் சுண்டல் கொஞ்சம் மீதி வைக்கிறேன் ஓய்."

ஏகாம்பரம் தன் இரண்டு விரல் டயரில் நிதானமாக மிதித்தார். பள்ளம் வந்தது, டயர் அமுங்கி எழுந்தது. ஜல்லி வந்தது, நசுக்கிக்கொண்டு போனது. செம்பில் பால் லேசாக ஆடிவிட்டு அடங்கியது.

இரண்டாவது மைல் தாண்டுமுன் எதிரே ஒருவர் வந்தார். திவான்தான். பட்டு ஜிப்பா முழுக்கப் பால்.

"என்ன ஐயா, சுண்டல் தீர்ந்துவிட்டதா?"

குலுங்கின குலுங்கலில் திவானுக்குப் பற்கள் ஆடிக்கொண்டிருந்தன.

நாலாவது மைலில் திவான் மறுபடி விர்ரென்று கடந்து போனார். கோயில் கோபுரம் தெரிந்தது. ராஜாவும் மண்டபத்திலிருந்து எட்டிப் பார்த்தார். திவான் வருகிறார், வருகிறார், கடைசி வண்டிப்பாதைக் குழியில் 'டங்' என்று ஒரு சத்தம். செம்பைப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனார்.

"திவான் ஏன் திரும்பிப் போகிறார்?" என்றார் ராஜா.

"பால் வாங்க" என்றார் குருக்கள்.

ஏகாம்பரம் வந்து சேர்ந்தார். செம்பில் கோட்டுக்கு மேலே பால். திவான் வந்தபோது அபிஷேகம் முடிந்து, பிரசாதம் கொடுத்து, ராஜா ஒரு தூக்கம் போட்டு எழுந்திருந்தார்.

"யார் வேகம்?" என்று கேட்டார் ராஜா.

"திவான்தான் மகாராஜா" என்றார் ஏகாம்பரம். "நான் ஒரு தடவைகூட அவரை முந்தவில்லை. அவர்தான் என்னை இரண்டு தடவை முந்தினார்."

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "முற்றத்தில் பறக்கிற டயருக்கு இங்கே என்ன வந்தது?"

"டயர் மேல் குற்றமே இல்லை. முற்றத்தைப் போட்டவர் கொத்தனார். இந்த ரோட்டைப் போட்டவர் திவான்."

ராஜா சிரித்த சிரிப்பில் கோயில் புறாக்கள் எல்லாம் எழும்பிப் போயின. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரத்துக்குப் போட்டார். "வேறென்ன வேண்டும், கேள்."

"திவான் ஐயாவின் ஒரு விரல் டயரை யாரும் மாற்றக் கூடாது. பல்லக்கை விட்டு, வெள்ளிக்கிழமைதோறும் அவர் அந்தச் சைக்கிளில் ஒரு செம்பு பாலோடு கோயிலுக்கு வர வேண்டும். அவருக்கும் புண்ணியம்."

ராஜா உத்தரவு போட்டார். ஏழாவது வெள்ளிக்குள் அந்த ஐந்து மைலிலும் ஒரு குழி இல்லை.

கதை இவ்வளவுதான். போன மாதம் வாங்கிப் போனாயே என் சைக்கிள் பம்பு, நாளைக்கு வரும்போது அதைக் கொண்டுவந்து கொடுத்துவிடு.