பேருக்கு ஒரு சேலம்

தணிகாசலம் தம்முடைய ஐம்பத்தேழாம் வயதில் சீடரானார். குரு அவரைவிட இருபது வயது இளையவர், அதோடு பெண். இவ்விரண்டையும் பொறுத்துக்கொள்ள அவருக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் தேவைப்பட்டது.

குருவின் பெயர் ரோஸ்லின். ஓசூருக்கு வெளியே ஒரு சிறிய ஓடுதளத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தணிகாசலம் பம்ப் வார்க்கும் ஆலையின் முதலாளி. நாலு பேர் உட்காரும் விமானம் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிட்டு, பிறகு அதை ஓட்டப் படிக்க வந்தவர். முதலாளிகள் பொதுவாக இந்த வரிசையில்தான் காரியம் செய்வார்கள்.

ரோஸ்லின் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தரையில் இருக்கும்வரை தணிகாசலம் அவருக்கு 'சார்'. விமானத்தின் கதவு சாத்தப்பட்டதும் வெறும் தணிகாசலம்.

அது சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை. அன்று மாலை திருச்சிப் பதிவாளர் அலுவலகத்தில் தணிகாசலத்தின் மகள் வெண்ணிலாவுக்குத் திருமணம். அவளாகப் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. அந்தக் குற்றத்துக்காகத் தணிகாசலம் இரண்டு ஆண்டுகள் அவளோடு பேசவில்லை. போன வாரம்தான் தொலைபேசியில் வாயைத் திறந்தார்.

"வரேன். சாட்சிக் கையெழுத்து நான் போடுறேன். என் பிளேன்லயே வந்து இறங்குறேன்."

"எதுல வேணா வாங்கப்பா, வந்தாப் போதும். வரலேன்னா ரோட்டுல போற யாரையாவது கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்குவேன்" என்றாள் வெண்ணிலா.

காலையில் ஓடுதளத்து அறைக்குக் காப்பி வந்தது. ரோஸ்லின் ஜன்னல் வழியே தெற்கே பார்த்தார்.

"இப்பவே கிளம்பிட்டா, மேகம் எழும்புறதுக்குள்ள போய்ச் சேந்துடலாம் சார்."

"பத்தரைக்கு ராகு காலம். பன்னண்டு வரைக்கும் கூடாது. மக கல்யாணம்மா."

"மத்தியானம் கொல்லிமலை மேல இடிமேகம் கட்டும்."

"கட்டட்டும். நடுவுல எங்கயாவது வழி இருக்கும்."

"கார்ல போங்களேன்."

"பிளேனை வச்சுக்கிட்டு கார்ல போறதா? ஊரே சிரிக்கும்."

"ராகுவுக்குப் பயப்படுறீங்க. இடிக்குப் பயப்பட மாட்டேங்கறீங்க."

"ராகு கண்ணுக்குத் தெரியாதும்மா. இடிமேகம் தெரியும். தெரியிறதுக்கு என்ன பயம்?"

சொல்லிவிட்டுத் தம் டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினார். வானிலைப் படங்கள் வரிசையாக வந்து விழும் புதிய டேப்லெட். "எந்த மேகம் எங்க நிக்குதுன்னு இதுல பாத்துடலாம். சந்து தெரிஞ்சா நுழைஞ்சுடலாம்."

ரோஸ்லின் நுரை ததும்பிய தம் காப்பி டம்ளரைக் கைப்பேசியில் படம் எடுத்தார். காப்பியை ஒரே மூச்சில் குடித்தார். காலி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுப் படத்தை அவரிடம் நீட்டினார்.

"குடிங்க சார்."

"என்னம்மா விளையாட்டு இது?"

"நுரை தெரியுதா?"

"தெரியுது."

"அப்பக் குடிங்க."

தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆலையில் அவரிடம் யாரும் இப்படிப் பேசுவதில்லை. அதனால்தான் அங்கே அவர் இருபது ஆண்டுகளாக எதையும் கற்றுக்கொள்ளவும் இல்லை.

"சரி, ஒரு கணக்கா சொல்லுங்க. இடிமேகம் எதிர்ல நின்னா எந்த இடத்துல திரும்பணும்? அஞ்சு மைலா, பத்தா, இருபதா?"

"மாற்று நிலையம் எது சார்?"

போகிற ஊரில் இறங்க முடியாமற்போனால் வேறு எங்கே இறங்குவது என்று புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும். அது கட்டாயம்.

"அதெல்லாம் பேருக்குத்தானே? சேலம்னு வைங்க."

"சேலம்தானா?"

"ஏதோ ஒண்ணு. நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலியே."

ரோஸ்லின் எழுந்து வெளியே போனார். முதலாளியின் காருக்குப் பக்கத்தில் நின்ற டிரைவர் மாதப்பனிடம் அவர் ஏதோ பேசுவது ஜன்னல் வழியே தெரிந்தது. காரை ஓரமாக நிறுத்தச் சொல்கிறார் போலும் என்று தணிகாசலம் நினைத்தார். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாதபோது ஆசிரியர்கள் எழுந்து போவதை அவர் பள்ளிக்கூடத்திலேயே பார்த்திருக்கிறார்.

ராகு காலம் முடிந்ததும் விமானம் ஏறினார்கள். கதவு சாத்தப்பட்டது.

"தணிகாசலம், எல்லாம் உங்க கையில. நான் பேச மாட்டேன்."

"அதுவே பாதி நிம்மதி, கேப்டன்."

முதலில் வானம் வெளுத்துக் கிடந்தது. தருமபுரி தாண்டியதும் விமானம் குலுங்கத் தொடங்கியது. தூரத்தில், கொல்லிமலைக்கு மேல், காலையில் இல்லாத இன்னொரு மலை நின்றது. அதன் உச்சி பட்டறைக்கல்லைப்போலத் தட்டையாக விரிந்திருந்தது. தணிகாசலம் பட்டறைக்கல்லுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். இவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை. அதற்குக் கிழக்கே மற்றொரு மேகம். இரண்டுக்கும் நடுவில் வெளிச்சமாக ஒரு சந்து. சந்துக்கு அப்பால் வெயில். வெயிலுக்கு அப்பால் திருச்சி.

டேப்லெட்டைப் பார்த்தார். அதிலும் சந்து இருந்தது, அகலமாகவே இருந்தது.

"வழி இருக்கு கேப்டன்."

ரோஸ்லின் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அதைத் தாண்டிட்டா அப்புறம் இறக்கம்தான்."

பதில் இல்லை.

"எந்த இடத்துலதான் திரும்பணும்? சொல்லித் தொலைங்களேன்!"

மேகத்தின் வயிற்றுக்குள் மின்னல் ஒன்று ஓடி அணைந்தது, உலையின் கதவைத் திறந்து மூடியதுபோல. வெண்ணிலா பதிவாளர் அலுவலக வாசலில் நிற்பாள். சொன்ன நேரம்வரை காத்திருப்பாள். அதன் பிறகு ரோட்டில் போகிற எவனோ ஒருவன் அவர் போட வேண்டிய கையெழுத்தைப் போடுவான். மறுபடி அவள் தொலைபேசியை எடுக்க மாட்டாள். பிடிவாதத்தை அவளுக்குக் கொடுத்ததே அவர்தான்.

மீண்டும் டேப்லெட்டைப் பார்த்தார். சந்து அப்படியே, அதே அகலத்தில் இருந்தது. காலியான பிறகும் படத்தில் நுரை ததும்பிய டம்ளர் நினைவுக்கு வந்தது. தலையைத் தூக்கிக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

சந்து பாதியாகியிருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு விமானத்தை வலப்பக்கம் சாய்த்தார்.

"சேலம் போறோம்."

அவர் கேட்கவில்லை, சொன்னார். ரோஸ்லின் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"மக கல்யாணம், தணிகாசலம்?"

"மாலை போட்ட போட்டோவாப் போயி நிக்க முடியாது, கேப்டன்."

ரேடியோவில் சேலத்தை அழைத்தார். குரலில் நடுக்கம் இல்லை. காற்று விமானத்தை இடித்துத் தள்ளியது. அவர் பிடித்த பிடியை விடவில்லை. ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சந்து இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சுவர் நின்றது.

சேலம் ஓடுதளத்தில் சக்கரங்கள் தரை தொட்டன. எஞ்சின் அடங்கியது. தணிகாசலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இங்க டாக்சி கிடைக்குமா? கிடைச்சாலும் அவன் வரதுக்குள்ள..."

ரோஸ்லின் கதவைத் திறந்தார்.

"வாசலுக்குப் போய்ப் பாருங்க சார்."

வாசலில் அவருடைய கார் நின்றது. மாதப்பன் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். முன்சீட்டில் ஈரத்துணிக்குள் இரண்டு கல்யாண மாலைகள் இருந்தன.

"நீ எப்படிய்யா இங்க வந்த?"

"மேடம் காலையிலயே அனுப்பிட்டாங்க. முதலாளி சேலத்துல இறங்குவாருன்னாங்க. மாலை மட்டும் நானா வாங்குனேனுங்க. ஏறுங்க, நேரத்துக்குப் போயிடலாம். வழியெல்லாம் மழைதான்."

"மழையில கார் நனையும். அவ்வளவுதான்" என்றார் ரோஸ்லின்.

தணிகாசலம் ஒரு காலைக் காருக்குள் வைத்தார். மறுகால் தரையிலேயே நின்றது.

"ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க கேப்டன். எந்த இடத்துல திரும்பணும்?"

"காலையில காப்பி குடிச்சுக்கிட்டு சேலம்னு சொன்னீங்களே, அந்த இடத்துல. நீங்க பேருக்குச் சொன்னீங்க. மாதப்பன் நம்பிப் புறப்பட்டுட்டார்."