காற்று கட்டைவிரலுக்குப் பணிந்தது

அந்தக் காலத்தில், பறவையும் காற்றும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தபோதே, செம்மணல் மேடான தேரிக்காட்டில் மாடத்தியிடம் ஒரு சைக்கிள் இருந்தது. அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். இருந்தது. சக்கரம் வெறும் இரும்பு வளையம். அதன் மேலே ஒப்புக்கு ஒரு காலி ரப்பர் குழாய்.

ஒரு மாலை ஆள்காட்டிக் குருவி அலறிக்கொண்டு அவள் முன்னால் வந்து விழுந்தது.

"யக்கா, குளத்துல தண்ணி ஏறுது. என் முட்ட நாலும் அங்கனதான் கெடக்கு. இருட்டுறதுக்குள்ள தேரிக்கு அந்தப் பக்கம் சேக்கணும். நடந்து போனா சூடு ஆறிரும்."

மாடத்தி முட்டைகளை எடுத்துக் கூடையில் பஞ்சுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு ஏறினாள். பத்தடி போவதற்குள் சக்கரம் செம்மணலில் புதைந்து நின்றுவிட்டது.

"காத்தய்யா, இந்தக் குழாய்க்குள்ள வந்து எங்களத் தூக்கிவிடுங்க" என்று கும்பிட்டாள்.

பனைகளை ஆட்டிக்கொண்டிருந்த காற்றுக்குப் பெருமை பிடிபடவில்லை. தன் பலம் முழுவதையும் குழாய்க்குள் திணித்தது. சக்கரம் கல்லாய் இறுகி, மணலை விட்டு எழுந்து, சரளைப் பாதையில் விழுந்தடித்து ஓடியது. ஒவ்வொரு கல்லுக்கும் எகிறியது. கூடைக்குள் ஒரு சத்தம் கேட்டது. ஒரு முட்டை உடைந்துவிட்டது.

கூடவே பறந்து வந்த குருவி அலறவில்லை. அதுதான் மாடத்திக்குத் தாங்கவில்லை. இறங்கிச் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். கொஞ்சமும் அமுங்கவில்லை.

"அய்யா, பாதி வெளிய போயிருங்க."

"என்னையா போகச் சொல்லுத? மலையவே அசைக்கவன் நான்."

அவள் உடைந்த முட்டையைக் காட்டினாள். காற்று அதை எட்டிப் பார்த்தது.

"எம்புட்டு போகணும்?" குரல் இறங்கியிருந்தது.

"என் கட்டவெரலு சொல்லும்."

உஸ்ஸென்ற பெருமூச்சோடு காற்று தன்னைத்தானே குறைத்துக்கொண்டது. உலகத்தில் அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. விரல் லேசாய் அமுங்கியதும், "போதும்" என்றாள்.

சக்கரம் தரையில் அகலமாய்ப் படிந்தது. சரளையில் வந்த கற்களையெல்லாம் தனக்குள் வாங்கிக்கொண்டது. அடுத்து வந்த மணலில் பூனை நடப்பதுபோல் போனது. மலையை அசைக்கிறவன் மூன்று முட்டைக்காக மூச்சடக்கி வருகிறானே என்று மாடத்திக்குக் கண் கலங்கியது. இருட்டுவதற்குள் மூன்றும் சூடு மாறாமல் தேரிக்கு அந்தப் பக்கம் சேர்ந்தன.

அன்று முதல்தான், சைக்கிளில் ஏறுமுன் எல்லோரும் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். விரல் லேசாய் அமுங்கினால், உடைந்துபோன அந்த ஒரு முட்டையைக் காற்று இன்னும் மறக்கவில்லை என்று அர்த்தம்.