சுழி பாக்கற வரைக்கும் பால் கிடையாது

ஒரு ஊர்ல ஒரு வெள்ளைக் குதிரை இருந்துச்சாம், அம்மிணி. பேரு பவளாயி. ஒரு நாள் விடிகாலையில அது குட்டி போட்டுச்சு. செவலைக் குட்டி. காலு நாலும் குச்சி குச்சியா இருக்கும். ம் சொல்லு. சொன்னாத்தான் கதை நகரும்.

ஆங். குட்டி எந்திரிக்கப் பாத்துச்சு, தொபுக்கடீர். மறுபடி பாத்துச்சு, தொபுக்கடீர். மூணாந்தரம் நின்னுருச்சு! நேரா அம்மா மடிக்குப் போச்சு. அப்போ குதிரைக்காரன் மாரப்பன் ஓடி வந்து குட்டியக் கயித்துல கட்டிப்போட்டான். ஏன் தெரியுமா? அது அவங்க வீட்டு வழக்கம். சுழிக்காரர் வந்து குட்டி உடம்புல முடிச்சுழி எங்கெங்க இருக்குன்னு பாக்கோணும். கெட்ட சுழின்னா அன்னைக்கே யாருக்காச்சும் குடுத்துருவாங்க. அதுக்குள்ள தாய்ப்பால் குடிச்சிருச்சுன்னா அது வீட்டுப் புள்ளை, வெளிய அனுப்பக் கூடாது. கூத்தப் பாரு!

அப்புறம் கேளு. குட்டி வயித்துக்குள்ள ஒரு கோட்டை. சீக்கு வந்தா சண்டை போட அதுல வீரனுங்க இருக்காங்க, ஆனா எல்லாம் பச்சப் புள்ளைங்க, வாள் புடிக்கத் தெரியாது. அதனால அம்மா தன்னோட பெரிய வீரனுங்களச் சீம்பால்ல ஏத்தி அனுப்புவா. மஞ்சளா, கெட்டியா வருமே மொதப் பாலு, அதுலதான். கோட்டை வாசல் அந்த ஒரு பகல்தான் தொறந்திருக்கும். பொறவு மூடிக்கும். அதுக்கப்புறம் எத்தனை பால் குடிச்சாலும் ஒரு வீரன் உள்ள போக முடியாது.

மாரப்பன் பொண்டாட்டி செங்கமலத்துக்கு இது தெரியும். அவ அப்பா வீட்டுல சீம்பால் குடிக்காத குட்டி ஒண்ணு நாலே நாள்ல செத்துப்போச்சு.

"ஏனுங்க, குடிக்க விடுங்க."

"சுழி பாக்காமயா? பேசாம இரு புள்ளை."

மாரப்பன் பக்கத்து ஊருக்கு ஓடினான், தடதடதட. சுழிக்காரர் சவரம் பண்ணிட்டிருந்தார். "வர்றேன், போ"ன்னார். வரல. கோட்டை வாசல் கிரீச்... கொஞ்சம் மூடுச்சு.

உச்சிப் பொழுதுல மறுபடி ஓடினான். அவர் கல்யாணப் பந்தியில ரெண்டாவது தரம் பாயசம் வாங்கிட்டிருந்தார். கிரீச்... இன்னுங் கொஞ்சம் மூடுச்சு. குட்டி கத்தக்கூடத் தெம்பில்லாமப் படுத்துருச்சு. ம்?

மூணாந்தரம் ஓடினான். அவர் வெத்தலை போட்டுட்டுக் கொர்ர்ர்னு தூங்கறார்!

அப்போ செங்கமலம் என்ன பண்ணா? சடக்குன்னு கயித்த அவுத்தா. குட்டியத் தூக்கி மடிகிட்ட நிறுத்துனா. சப்பு சப்பு சப்பு. வீரனுங்க திமுதிமுன்னு உள்ள போயிட்டாங்க.

பொழுது சாயச் சுழிக்காரர் வந்தார். குனிஞ்சு பாத்தார். "ஐயையோ, கண்ணுக்குக் கீழ சுழி! வீட்டுக்கு ஆகாது, அனுப்பிருங்க."

"குடிச்சிருச்சுங்களே," அப்படின்னா செங்கமலம். "இனி வீட்டுப் புள்ளைங்க. வழக்கத்த மீறலாங்களா?"

மாரப்பன் கட்டுக்கயித்தச் சுருட்டி மூலையில போட்டான்.

அப்புறம் குட்டிக்கு இருமல் வந்துச்சு. அம்மாவோட வீரனுங்க டமார்னு வெரட்டிட்டாங்க. வயித்தால போச்சு, அதையும் வெரட்டிட்டாங்க. ஆனா அந்த வீரனுங்க எல்லாம் வயசானவங்க, அம்மிணி. ரெண்டு மூணு மாசத்துல ஒவ்வொருத்தரா இல்லாமப் போயிட்டாங்க. அப்போ பாத்து வந்துச்சு காய்ச்சல், நெருப்பாட்டம். பவளாயி பக்கத்துலயே நின்னா. குடுக்கறதுக்கு அவகிட்ட இப்ப ஒண்ணுமில்ல. மாரப்பன் குட்டி தலைய மடியில வச்சுக்கிட்டு, "போயிராத சாமி, போயிராத"ன்னு அழுதான்.

உள்ள இருந்த பச்சப் புள்ளைங்க இத்தனை நாளாப் பெரியவங்க சண்டை போட்ட நிழல்லயே வளந்துட்டாங்கல்ல? அவங்களே வாள் எடுத்தாங்க. மூணாம் நாள் காலையில குட்டி எந்திரிச்சு, பவளாயியத் தாண்டி, தனியாப் போயி ஒரு வாய் புல்லு கடிச்சுச்சு. அம்மாக்காரி பின்னால போகல. நின்ன எடத்துலயே நின்னு பாத்தா.

கதைக் குதிரை லாயத்துக்குப் போயாச்சு. நீயும் கண்ணை மூடு.