நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மாசிலாமணிக்கு மறுநாள் காலை இதய ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக சாயங்காலம் ஐந்து மணிக்கு வேன் வரும்.

அவர் ஆசிரமத்துக்கு வந்து பதினோரு வருஷம். மோட்சத்தைப் பற்றிய புத்தகம் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. செய்தித்தாள்கூடக் கிடையாது. இவ்வளவு படித்த ஆள் பயப்படக் கூடாது இல்லையா? பயந்தார். காலைக் கஞ்சியை வேட்டியில் கொட்டிக்கொண்டார்.

குரு கோமளத்தம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாசிலாமணியைவிட ஏழு வயது சின்னவர்.

"அம்மா, பயமா இருக்கு. கண்ணை மூடினா மூச்சு நின்னுடுமோன்னு இருக்கு. எந்தப் புத்தகம் படிச்சா இது போகும்?"

"இங்க இருக்கறதை எல்லாம் படிச்சிட்டீங்களா?"

"ரெண்டு தடவை."

அம்மாள் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார். "செங்கமலம், அரிசி டின்னுல ஒளிச்சு வெச்சிருக்கியே, அதைக் கொண்டா."

சமையல் செய்யும் செங்கமலம், வேலை போயிடும் என்று நினைத்துக்கொண்டே எடுத்துவந்தாள். ஒரு மர்ம நாவல். அட்டையில் கத்தி, ரத்தம், அலறுகிற பெண்.

"இதையா? நாளைக்குச் சாகப்போறவன் கையில இதைக் குடுக்கறீங்களே!" என்றார் மாசிலாமணி.

"நல்லா இருக்கும். படிங்க."

செங்கமலம் மெதுவாகச் சொன்னாள். "மூணாவது அத்தியாயம் வரைக்கும் இழுவைதான் ஐயா. அப்புறம் கீழ வைக்க மாட்டீங்க."

கோபத்தோடுதான் பிரித்தார். ஒரு வரி படிப்பார், நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பார். துடிக்குது. அடுத்த வரி. துடிக்குது. நாற்பதாம் பக்கத்தில், டெலிபோன் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் எவனோ நுழைந்தான். அதற்கப்புறம் நெஞ்சில் கை வைக்கவே மறந்துவிட்டார். மத்தியானச் சோறு அப்படியே ஆறிப்போச்சு.

வேன் வந்து ஹாரன் அடித்தது.

புத்தகத்துக்குள் விரலை வைத்தபடி எழுந்துவந்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். முகம் காலையில் இருந்ததைவிட வெளிறியிருந்தது.

"தப்பு பண்ணிட்டீங்க அம்மா. பயம் போகலை, கூடிப்போச்சு. அந்தப் பொண்ணை பீரோவுக்குள்ள தள்ளிப் பூட்டிட்டான். மூச்சு முட்டுது. கத்தினாலும் கேக்க ஆள் இல்லை. எனக்குக் கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு."

"யாருக்காகப் பயப்படறீங்க?"

"அவளுக்காகத்தான். வேற யாருக்கு?"

அம்மாள் வேன் கதவைத் திறந்துவிட்டார்.

"பதினோரு வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தேன்" என்றார். "ஏறுங்க. வேன்ல லைட் இருக்கு."